சினமும் அச்சமும் தீர்க்கும் குருவருள்

நான் பண்டிதன் அல்லன். புராணத்துக்குப் பயன் சொல்லும் தகுதி பெற்றவனும் அல்லன். அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து, கோப்புகளோடு காலங்கழித்து ஓய்வு பெற்றவன். ஆகையினால் கற்றதைக் காட்டிலும் பட்டதையே இங்கு எழுதுகின்றேன். பிழையிருப்பின் அடியார்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒரு படமும் ஒரு கேள்வியும்

கடந்த ஆடி மாதம் கனடாவிலிருந்து மகளின் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். பன்னிரண்டு வயதான மூத்த பேரன் ஒரு நாள் மத்தியானம் மடிக்கணினியில் ‘ஸ்ரார் வோர்ஸ்’ என்னும் ஆங்கிலப் படத்தைப் போட்டுவிட்டு என்னையும் பக்கத்தில் இருத்திவிட்டான். 1977 ஆம் ஆண்டு முதற்படம் வெளிவந்து, பின்னர் தொடர் தொடராக எடுக்கப்பட்ட மாயக்கதை அது. பேரன் காட்டியது 1980 ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாவது படம்.

அதிலே யோடா என்றொரு குரு வருகின்றார். முழங்காலளவு உயரம், பச்சை நிறம், பெரிய காதுகள், கையிலே ஒரு தடி. சேற்றுக்காட்டில் ஒரு சிறு குடிலில் இருக்கின்றார். போர்வித்தை கற்க வந்த லூக் என்னும் இளைஞன் அவரைக் குரு என்று அறியாமல் முதலில் எரிந்து விழுகின்றான். பிறகு பயிற்சி தொடங்குகின்றது. ஒரு நாள் இருண்ட குகை ஒன்றினுள் செல்லுமாறு குரு அவனுக்குச் சொல்கின்றார். உள்ளே ஆயுதம் தேவைப்படாது என்றும் சொல்கின்றார். இளைஞன் கேட்கவில்லை, ஆயுதத்தோடு போகின்றான். உள்ளே அவனுடைய கொடிய பகைவன் கறுப்புத் தலைக்கவசத்தோடு எதிரே வருகின்றான். இளைஞன் ஒரே வீச்சில் தலையை வெட்டுகின்றான். தலை உருண்டு விழுகின்றது, கவசம் வெடித்துத் திறக்கின்றது. உள்ளே இருப்பது பகைவனின் முகம் அன்று. வெட்டியவனின் சொந்த முகம்!

நான் என்னையறியாமல், “இது எங்கட சூரன் கதையல்லோ” என்றேன். பேரன் திரும்பிப் பார்த்து, “அம்மப்பா, அப்ப சூரனுக்குள்ளை இருக்கிறது ஆற்றை முகம்?” என்று கேட்டான். எத்தனையோ ஆண்டுகளாகச் சூரன்போர் நடத்தி வருகின்ற எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை வரவில்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

பழத்துக்காக வந்த கோபம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் வந்திருக்கவில்லை. சிவராத்திரிக்கு இளைஞர்கள் வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்குப் பிடித்து வந்து கோயில் வீதியில் வைப்பார்கள். விடியும்வரை கண்விழிக்க வேண்டுமல்லவா? முதலில் போடுவது எப்போதும் ‘திருவிளையாடல்’ தான். ஏ. பி. நாகராசன் இயக்கி 1965 ஆம் ஆண்டு வெளிவந்த படம். சிவபெருமானாகச் சிவாஜி கணேசனும், உமையம்மையாகச் சாவித்திரியும், ஔவையாராகக் கே. பி. சுந்தராம்பாளும், தருமியாக நாகேசும் நடித்தார்கள். வசனம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் எமது ஊரில் இருந்தார்கள்.

நாங்கள் தருமிக்குச் சிரிப்போம், பாட்டுக்குத் தலையாட்டுவோம். ஆனால் அந்தப் படம் முழுவதுமே ஒரு கோபத்தை ஆற்றுவதற்காகச் சொல்லப்பட்ட கதை என்பதை நான் பல ஆண்டுகள் கவனிக்கவில்லை. நாரதர் கொணர்ந்த பழம் பிள்ளையாருக்குப் போய்விடுகின்றது. மயிலேறி உலகைச் சுற்றி வந்த முருகனுக்குக் கோபம் வருகின்றது. எல்லாவற்றையும் துறந்து மலைக்குப் போய்விடுகின்றார். ஔவையார் எடுத்துச் சொல்லியும் மனம் இறங்கவில்லை. அதன்பின் தாயாகிய உமையம்மையே வந்து, தந்தையின் திருவிளையாடல்கள் நான்கினைச் சொல்கின்றார். கதை முடியும்போது பிள்ளையின் கோபம் தணிகின்றது.

அன்பர்களே, இங்கே தாய் செய்ததைக் கவனியுங்கள். “கோபப்படாதே” என்று அதட்டவில்லை. “இந்தா உனக்கும் ஒரு பழம்” என்று கையில் வேறொரு பழத்தைத் திணிக்கவில்லை. கயிலையிலே பழத்துக்கா பஞ்சம்? பிள்ளையின் கோபம் பழத்தைப் பற்றியதே அன்று. ‘என்னை இவர்கள் குறைத்து மதித்துவிட்டார்களோ, இந்த வீட்டிலே எனக்கு இடமில்லையோ’ என்னும் உள்ளச்சமே கோபமாக வெளியே வந்தது. தாய் அந்த அச்சத்தைக் கண்டாள். ஆகவே, அப்பா யார், அவர் ஏன் சோதிப்பார், சோதித்தபின் எப்படி ஆட்கொள்வார் என்று பக்கத்தில் இருந்து கதை சொன்னாள். அச்சம் நீங்கியது, கோபம் தானாகவே போயிற்று. பெருமானுக்குக் கோபமும் இல்லை, அச்சமும் இல்லை என்பதை நாம் அறிவோம். நமக்குப் பாடஞ் சொல்லவே பிள்ளைபோல நடித்தருளினார்.

அத்தாய் சொன்ன கதைகளிலும் இந்த இரண்டும்தான் நிறைந்திருக்கின்றன. பரிசு கிடைக்காமல் போய்விடுமோ என்று தருமி நடுங்குகின்றான். நக்கீரர் எதிரே நிற்பவர் யாராயிருந்தாலும் பிழையைப் பிழை என்றே சொல்கின்றார். நெற்றிக்கண்ணின் வெப்பம் தாக்கியபோது அவருக்குப் புகலாக இருந்தது பொற்றாமரைக் குளத்துத் தண்ணீர். தக்கனோ தன் செருக்கிலே வளர்த்த கோபத்தால் வேள்வியையும் இழந்து தலையையும் இழக்கின்றான். பாணபத்திரர் ஏமநாதனோடு பாடிப் போட்டியிட வேண்டும் என்ற அரச கட்டளையைக் கேட்டு அஞ்சுகின்றார். ஆனால் அந்த அச்சத்தை எவர்மீதும் கோபமாகக் கொட்டவில்லை. நேரே சந்நிதிக்குச் சென்று அழுகின்றார். பெருமான் விறகு விற்பவராக வந்து திண்ணையிலிருந்து பாடுகின்றார்; போட்டிக்கு வந்தவன் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகின்றான். அச்சத்தைச் சந்நிதியில் வைத்தவனுக்கும், அதைக் கோபமாக மாற்றித் தெருவில் வைத்தவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மாமரமாய் நின்றவன்

இனிச் சூரனிடம் வருவோம். எமது நாட்டிலே கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் வீட்டுக்கு வீடு, கோயிலுக்குக் கோயில் வேரூன்றியது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் எமது வாழ்வையே ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பெயரிட்டு அழைத்தார்கள். அப்புராணத்திலே ஓரிடம் எனக்கு எப்போதும் உள்ளத்தைத் தொடும். போர்க்களத்தில் முருகப்பெருமான் தமது பேருருவைக் காட்டியருளும்போது, சூரபன்மனுடைய சினம் ஒரு கணம் அடங்கிவிடுகின்றது. இவரையா பாலன் என்று எண்ணினேன் என்று வியந்து நிற்கின்றான். வணங்கவும் மனம் வருகின்றது. பேருரு மறைந்ததும் பழைய செருக்கும் சினமும் திரும்பி வந்துவிடுகின்றன. சூரனுக்கே ஒரு கணம் நல்ல புத்தி வந்தது. அதைப் பிடித்து வைத்திருக்க அவனால் முடியவில்லை. நம்மிலே எத்தனை பேருக்கு, தீபாராதனை பார்க்கும்போது வந்த அமைதி, கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போது போய்விடுகின்றது!

கடைசியில் சூரன் கடல் நடுவே மாமரமாய் நிற்கின்றான். முருகன் சினந்த கதை ஒரு மாம்பழத்தில் தொடங்குகின்றது. சூரனின் சினம் ஒரு மாமரத்தில் முடிகின்றது. வேல் அந்த மரத்தை இரண்டாகப் பிளக்கின்றது. ஒரு பாதி மயிலாகின்றது, மறு பாதி சேவலாகின்றது. பெருமான் அவற்றை எறிந்துவிடவில்லை. ஒன்றிலே ஏறிக்கொண்டார், மற்றதைக் கொடியிலே வைத்துக்கொண்டார். நம்முள்ளே இருக்கும் வேகமும் உரத்த குரலும் அழிக்கப்பட வேண்டியவை அல்ல. அவை பெருமானின் கீழே நிற்க வேண்டும்; அவ்வளவுதான்.

நான் கண்ட சூரன்

பேரன் கேட்ட கேள்விக்கு வருகின்றேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாட்கள் யோசித்தேன். மற்றவர் குறையை எழுதுவதைவிடத் தன் குறையை எழுதுவது மேல் என்று தோன்றியதால் எழுதுகின்றேன்.

2009 ஆம் ஆண்டு தை மாதத்துக்கு முன்னரே நாமெல்லோரும் இந்த மண்ணைவிட்டுப் பெயர்ந்துவிட்டோம். இடம் இடமாக நகர்ந்து, வைகாசியில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபின் செட்டிகுளம் முகாம்களில் இருந்து, பின்னர் திரும்பி வந்தோம். அந்த மாதங்களில் பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கந்தசஷ்டி கவசம் சொல்லாத வீடு எமது ஊரில் இல்லை. இப்போது நினைத்துப் பார்க்கின்றேன்: கவசம் “பயப்படாதே” என்று சொல்வதில்லை. தலை, கண், செவி, கழுத்து, மார்பு, கால் என்று உடம்பின் ஒவ்வோர் உறுப்பாக எடுத்து, இதைக் காத்தருள் என்று பெருமானிடம் ஒப்படைக்கச் சொல்கின்றது. பெயரில்லாத பயம் பெரிது. பெயர் சொல்லி ஒப்படைத்த பயம் சிறிது.

திரும்பி வந்து கூரைத்தகட்டின் கீழே பூசையை ஆரம்பித்தோம். 2012 ஆம் ஆண்டு கந்தசஷ்டிக்குச் சூரன்போரைப் பழையபடி பெரிதாக நடத்துவது என்று தீர்மானித்தோம். வெளிநாட்டு அன்பர்கள் பணம் அனுப்பினார்கள். வாணவேடிக்கையும் வெடியும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான்தான். கூட்டத்தில் ஒரு தாய் எழுந்தார். தகப்பனை இழந்த எட்டு வயதுப் பிள்ளையை வளர்ப்பவர். “வெடி மட்டும் வேண்டாம் அண்ணை, பிள்ளை சத்தம் கேட்டால் நடுங்கிறான்” என்று மெதுவாகச் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. “கோயில் காரியத்துக்குள்ளை வீட்டுப் பிரச்சினையைக் கொண்டு வராதையுங்கோ” என்று எல்லோருக்கும் முன்னால் சத்தமிட்டேன். அவர் அமர்ந்துவிட்டார். எவரும் மறுத்துப் பேசவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று மாலை சூரன் ஆடி வந்தான். முதல் வெடி கிளம்பியது. கூட்டத்தில் ஆரவாரம். அடுத்த கணம் அந்தப் பிள்ளை வாகனத்துக்கு அடியில் ஊர்ந்து சென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகங்குப்புறக் கிடந்தது. தாய் தானும் ஊர்ந்து சென்று மேலே கவிழ்ந்து மூடிக்கொண்டார். சுற்றி நின்ற பெரியவர்களில் எத்தனை பேர் தலையைக் குனிந்து கொண்டார்கள் என்பதையும் கண்டேன். வெடியை நிறுத்தச் சொன்னேன். ஆனால் அந்தத் தாயிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மூன்று மாதம் சென்றது. நான் அறங்காவலர், அரச உத்தியோகத்தர், வயதில் மூத்தவன் என்ற எண்ணம் காலைப் பிடித்து இழுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை விபூதிப் பிரசாதத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். “தங்கச்சி, நான் அண்டைக்குக் கதைச்சது பிழை” என்றேன். அவர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கின்றது. “இல்லை அண்ணை. முதல் வெடிக்கு நீங்களும் மடப்பள்ளிச் சுவரோடை ஒண்டினதை நான் கண்டனான். நீங்களும் பயந்துபோய்த்தான் இருக்கிறியள். அதுதான் அவ்வளவு கோபம்.”

அடியார்களே, அந்தச் சொல்லில் ஒரு வேல் இருந்தது. அது வரைக்கும் நான் என்னை அஞ்சாதவன் என்றே நம்பியிருந்தேன். ‘எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, எனக்கு எந்தப் பயமும் இல்லை’ என்று எனக்கே காட்டிக்கொள்ளத்தான் அந்த வெடி வேண்டியிருந்தது. அதைத் தடுத்தவர்மீது கோபம் வந்தது. கோபம் என்ற கவசத்தைப் பிளந்து பார்த்தால், உள்ளே இருந்தது என் சொந்தப் பயந்த முகம். குகைக்குள்ளே அந்த இளைஞன் கண்டது அதைத்தான். பேரனுக்கு நான் சொன்ன விடையும் அதுதான்: சூரனுக்குள்ளே இருப்பது அம்மப்பாவின் முகம். குருவோ சேற்றுக்காட்டிலும் இருக்கலாம், மலையிலும் இருக்கலாம், கூரைத்தகட்டு வீட்டிலும் இருக்கலாம்.

அதே தொடரில் 1999 ஆம் ஆண்டு வெளிவந்த படத்தையும் பேரன் காட்டினான். அதிலே தாயைப் பிரிந்து வந்த ஒரு சிறுவனைப் பார்த்து யோடா கவலைப்படுகின்றார். இந்தப் பிள்ளையிடம் உள்ள அச்சம் சினமாக வளரும், சினம் வெறுப்பாகும், வெறுப்பு துன்பத்தில் கொண்டுபோய் விடும் என்பது அவர் கருத்து. அந்தச் சிறுவனே பின்னாளில் கறுப்புக் கவசம் அணிந்த கொடியவன் ஆகின்றான். கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலும் கண்ணன் இப்படியொரு சங்கிலியைக் காட்டுகின்றார்: பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து சினம், சினத்திலிருந்து மயக்கம், மயக்கத்தால் நினைவு தவறுதல், நினைவு தவறப் புத்தி கெடுதல், புத்தி கெட அழிவு. சங்கிலியை எந்த இடத்தில் அறுக்கலாம் என்று பார்ப்பதே நமக்குரிய சாதனை.

அஞ்சாதவருக்குச் சினமும் இல்லை

அச்சத்தை வென்றவர் எப்படியிருப்பார் என்பதற்கு எமது சமயத்தில் அப்பர் சுவாமிகளே சாட்சி. பல்லவ மன்னன் அவரை ஏழு நாள் நீற்றறையில் அடைத்தான். நஞ்சு கொடுத்தான். யானையை ஏவினான். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினான். எவற்றுக்கும் அவர் அஞ்சவில்லை என்பதை நாம் பாலர் வகுப்பிலேயே படித்திருக்கின்றோம். நாம் கவனிக்காத மறுபக்கம் ஒன்று உண்டு. இத்தனையும் செய்த மன்னனை அவர் சபிக்கவில்லை, பழிவாங்க நினைக்கவும் இல்லை. முடிவிலே அம்மன்னனே சைவனாகித் திருவதிகையில் கோயில் எடுத்தான் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அச்சம் இல்லாத இடத்தில் சினத்துக்கு வேர் இல்லை.

நடராசப் பெருமானின் திருக்கோலத்தை ஒரு தடவை நின்று பாருங்கள். ஒரு கரத்தில் நெருப்பு. இன்னொரு கரம் ‘அஞ்சேல்’ என்று அபயம் காட்டுகின்றது. நெருப்பு அவர் உள்ளங்கையில் நிற்கின்றது, எவர்மீதும் சிந்துவதில்லை. காலின் கீழே முயலகன் கிடக்கின்றான்; பெருமான் அவனைக் கொன்றுவிடவும் இல்லை, எழும்ப விடவும் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

அலுவலகத்தில் இருந்த காலத்தில் நான் ஒன்றைக் கண்டேன். மேலதிகாரிக்கு மேலே இருப்பவர் ஏசுவார். மேலதிகாரி எம்மை ஏசுவார். நாம் வரிசையில் நிற்கும் ஏழையை ஏசுவோம். அவர் வீட்டுக்குப் போய் மனைவி பிள்ளைகளை ஏசுவார். கோபம் தண்ணீரைப் போன்றது, எப்போதும் பள்ளத்தை நோக்கியே ஓடும். நான் ஒருபோதும் என் மேலதிகாரிமீது கோபப்பட்டது கிடையாது! அப்படியானால் என் கோபத்தை அடக்க என்னால் முடியும் என்பதுதானே உண்மை? அடக்க விரும்பாத இடத்தில்தான் ‘எனக்குக் கோபம் வந்தால் தெரியாது’ என்று பெருமை பேசினேன். சினத்தைத் தன் வலிமை என்று கொண்டவன் நிலத்தை ஓங்கி அறைந்தவன் போலத் தன் கையையே நோகச் செய்வான் என்பது வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் கருத்து.

நாம் இரணைமடுவின் தண்ணீரில் வாழ்பவர்கள். அந்தத் தண்ணீர் கட்டுக்குள் நின்று வாய்க்கால் வழியே வந்தால் காலபோகமும் சிறுபோகமும் விளையும். கட்டுமீறி வந்தால் என்ன நடக்கும் என்பதை 2018 மார்கழி வெள்ளத்தில் கண்டோம். அநியாயத்தைக் கண்டு வருகின்ற கோபம் எல்லாமே பாவம் என்று நான் சொல்லவில்லை. நக்கீரருக்குப் பேச வேண்டிய இடம் உண்டு. ஆனால் அது வாய்க்கால் வழியே வர வேண்டும்.

என் அனுபவத்தில் பயன் கண்ட மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கின்றேன். முதலாவது, கோபம் வரும்போது வாய் திறக்குமுன் ‘சரவணபவ’ என்னும் ஆறெழுத்தை ஆறு தரம் மனதுக்குள் சொல்லுதல். அரை நிமிடம்தான் செல்லும். அந்த அரை நிமிடத்தில் பல வார்த்தைகள் தொண்டைக்குள்ளேயே செத்துவிடும். இரண்டாவது, ‘இப்போது நான் எதற்குப் பயப்படுகின்றேன்?’ என்று தன்னைத்தானே கேட்டல். பணம் போய்விடுமென்றா, மரியாதை போய்விடுமென்றா, பிள்ளை கைமீறிப் போய்விடுமென்றா? விடை கிடைத்தால் அதைச் சந்நிதியில் வைத்துவிடலாம். மூன்றாவது, பிழைவிட்டால் மன்னிப்புக் கேட்பதை மூன்று மாதம் தள்ளிவைக்காதிருத்தல். அடுத்த வெள்ளிக்கு முன்பே போங்கள்.

வீடுகளில் பிள்ளைகளுக்கும் இதையே செய்யுங்கள். கோபப்படும் பிள்ளையை அடித்து அடக்கினால் அச்சம் இன்னும் உள்ளே போகும். உமையம்மை செய்ததுபோலப் பக்கத்தில் இருந்து ஒரு கதை சொல்லுங்கள். ரீவியிலோ தொலைபேசியிலோ பிள்ளை என்ன படம் பார்க்கின்றது என்று நீங்களும் இருந்து பாருங்கள். நல்ல குரு எந்த வேடத்திலும் வரலாம்.

அந்த ஆண்டுக்குப் பின் எமது ஆலயத்தில் வெடி கொளுத்துவதில்லை. தவிலும் நாதஸ்வரமும் சங்கும் சேமக்கலமும் போதும் என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. வாகனத்துக்கு அடியில் கிடந்த அந்தப் பிள்ளை இன்று இருபது வயதைக் கடந்த இளைஞன். இப்போதும் இடி இடித்தால் முகம் மாறும். அதை அவன் மறைப்பதில்லை. கவசம் சொல்லிக்கொண்டு இருப்பான். கடந்த சூரன்போரில் சூரனைத் தோளில் சுமந்து ஆட்டியவர்களில் அவனும் ஒருவன். மாமரக் கொப்பு விழுந்து சேவலும் மயிலும் எழுந்தபோது, எதிரே நின்ற தாய் கைகூப்பி அழுததைக் கண்டேன். நானும் அழுதேன்.

எம்பெருமானின் அபயகரம் எம் ஊரையும், எங்கிருந்தாலும் எம் பிள்ளைகளையும் காப்பதாக. அனைவரது நெஞ்சிலும் உள்ள சூரன் மயிலாகிப் பெருமானைச் சுமப்பானாக.

சுபம்.

ஆலய அறங்காவலர், கிளிநொச்சி